சத்தம் இல்லாத படம்

படத்தில் அந்த அம்மாள் தரையில் பதித்திருந்த மரக்கதவைத் தூக்கினாள். கீழே இருட்டு. கையில் விளக்கோடு ஏணியில் இறங்கினாள். ஒரு பக்கம் உருளைக்கிழங்குக் குவியல். இன்னொரு பக்கம் கண்ணாடி ஜாடிகளில் தக்காளி ஊறப்போட்டு வைத்திருந்தார்கள். பின்னணி இசைகூடக் கிடையாது. ஏணிக் கட்டை முனகுவது மட்டும் கேட்டது.

என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்தது. ஜெனி எழுந்துவிட்டாள்.

“ஜெனி?”

“ஒண்ணும் இல்லப்பா. நீ பாரு.”

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முட்டிகளை உரசிக்கொண்டு வெளியே போனாள். அவள் கதவைத் திறந்த நேரத்தில் வெயில் உள்ளே பாய்ந்து, திரையில் இருந்த அம்மாளின் முகத்தை அழித்தது. பிறகு கதவு மூடிக்கொண்டது. அம்மாள் திரும்பி வந்தாள்.

என்னால் உடனே எழ முடியவில்லை. மூன்று வாரம் அலைந்து நான் கண்டுபிடித்த படம் அது. ஒரு வெடி கிடையாது. ஒரு சைரன் கிடையாது. இராணுவ உடையில் ஓர் ஆள்கூட நடந்துபோகாத படம். என் மகளுக்கென்று சலித்து எடுத்த படம்.

‘அங்க’

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பங்குக் கோயிலைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். மகளைப் பற்றி எழுதியதில்லை. இப்போது அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “எழுது, ஆனா அழுவாச்சியா எழுதாத” என்றாள். முயற்சி செய்கிறேன்.

ஜெனி உக்ரைனில் மருத்துவம் படித்தாள். கிழக்குப் பக்கத்தில் ஒரு நகரம். நாலாம் வருஷம் படிக்கும்போது போர் வந்தது. பத்து நாளுக்குமேல் விடுதியின் நிலவறையில் இருந்துவிட்டு, நடந்தும் ரயிலிலும் எல்லையைத் தாண்டி வந்து சேர்ந்தாள். மீதிப் படிப்பை வேறொரு நாட்டில் முடித்தாள். இப்போது உறுவையாறில் எங்களோடு இருந்து, இங்கே டாக்டராகப் பதிவு செய்துகொள்ள எழுத வேண்டிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

நிலவறையில் இருந்த நாட்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்த நாட்டின் பெயரே புழங்குவதில்லை. தவிர்க்க முடியாமல் சொல்ல வேண்டி வந்தால் ‘அங்க’ என்போம். “அங்க வாங்குன ஸ்வெட்டர் எங்கடி?” என்று என் மனைவி செலின் கேட்பாள். “பீரோவுல கீது” என்பாள் ஜெனி. அதோடு சரி.

செய்திச் சேனல்களை நான் டி.வி.யிலிருந்தே எடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் தெருவில் வீடு வீடாகப் போய், எங்கள் வீட்டுப் பக்கம் வெடி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எதிர் வீட்டு ஏழுமலை தாராள மனசுக்காரர், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாதவர். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: “டேய், சார் வூட்டாண்ட வேட்டு போடாதீங்கடா! அந்தப் பொண்ணு பயப்படும்!”

ஜெனி அப்போது குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் அந்தக் குக்கரை அவ்வளவு நேரம் தேய்த்திருக்க வேண்டியதில்லை.

ஒரு சொல்

அவள் பேசாமல் இருப்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. செலினிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அது தை மாதக் கடைசி. போர் வரும், வராது என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். ஒரு காலையில் போன் செய்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முதல் மணி அடித்து, பத்தாம் வகுப்புக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

“ப்பா, இங்க கொஞ்சம் பேரு ஊருக்கு டிக்கெட் போடறாங்க. நானும் வந்துடட்டா?”

“காலேஜ்ல இன்னா சொல்றாங்க?”

“கிளாஸ் நடக்குமாம். போனா ஆப்சென்ட்தானாம்.”

அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒரு வகுப்பு விட்டுப்போனால், அந்த ஆசிரியரைத் தேடிப்போய் அந்தப் பாடத்தை முழுதும் ஒப்பித்தால்தான் கணக்கு நேராகும். எத்தனை வகுப்பு விட்டதோ அத்தனை தடவை. முதல் வருஷமே அவள் அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். நானோ கணக்கு வாத்தியார். இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு காலையும் பெயர் கூப்பிட்டுப் பழகியவன். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, வீட்டுக்கு அனுப்பாமல், மற்ற பிள்ளைகள் முன்னால் பாராட்டியவன்.

“எப்டிடி வருவ? அட்டெண்டன்ஸ் போயிடும். இரு. ஒண்ணும் ஆவாது” என்றேன்.

“சரிப்பா” என்றாள்.

போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெயர்களைக் கூப்பிட்டேன். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் குண்டு விழுந்தது. டிக்கெட் போட்டவர்கள் அதற்குள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று கோயிலில் வரிசையில் நின்றேன். சாமியார் என் நெற்றியில் சாம்பல் வைக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பீடத்துக்கு முன்னாலேயே எடுத்துப் பார்த்தேன். ‘இருக்கேன். சார்ஜ் இல்ல.’ அவ்வளவுதான். எனக்குப் பின்னால் நின்றவர் என்னை மெல்ல நகர்த்தாவிட்டால் அன்று முழுக்க அங்கேயே நின்றிருப்பேன்.

அவள் வந்து இறங்கிய நாளில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். விமான நிலையத்தில் ஒரு பையோடு வந்தாள். “அம்மா, பசிக்குது” என்றாள். சாப்பிடட்டும், அப்புறம் கேட்கலாம் என்று இருந்தேன். அப்புறம் தூங்கட்டும் என்று இருந்தேன். அந்த ‘அப்புறம்’ வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது.

சுவரொட்டி

இந்தப் படங்கள் போடுவதைப் பற்றி முதலில் சொன்னது அவள்தான். ஒரு மாலை வில்லியனூரில் நகல் எடுக்கப் போயிருந்தவள், வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

“அங்கத்துப் படம் போடறாங்களாம்பா. பஸ் ஸ்டாண்டுல ஒட்டிருக்கு.”

அடுப்படியில் செலினின் கரண்டி நின்றது.

புதுச்சேரியில் ஒரு திரைப்படச் சங்கம் உக்ரைன் படங்களுக்கென்று ஒரு மாதம் ஒதுக்கியிருந்தது. நான்கு ஞாயிறு, நான்கு படங்கள். டவுனில் இருப்பவர்கள் மட்டும் பார்த்தால் போதாது என்று, ஒவ்வொரு படத்தையும் அடுத்த சனிக்கிழமை மதியம் வில்லியனூர் சமுதாயக் கூடத்தில் மறுபடி போடுவார்களாம்.

“சனிக்கிழம போலாமா?” என்றாள்.

“பாக்கலாம்” என்றேன். இத்தனை காலம் கழித்து அவளே ஒரு கதவைத் தொடுகிறாள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளைத் தடுக்கவும் பயம், விடவும் பயம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே டவுனுக்குப் போய் நான் முதலில் பார்த்துவிடுவது. பார்க்கக்கூடியதாக இருந்தால் சனிக்கிழமை அவளை அழைத்துப் போவது.

தணிக்கை அதிகாரி

“வாக்காளர் பட்டியல் வேல” என்று வீட்டில் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ‘ஒன்பதாவது நிமிடம், சைரன். பதினான்கு, வெடி, பெரியது. பதினான்கரை, ஒரு பெண் ஓடுகிறாள். பதினேழு, கதவு படார், பரவாயில்லை.’ முதல் படத்துக்கு ஆறு பக்கம் ஆயிற்று.

ஆனால் இடையில் நான் வேறொன்று செய்துகொண்டிருந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அந்த நாட்டை நான் பார்த்ததே இல்லை. அவள் வீடியோவில் பேசும்போது பின்னால் ஒரு சுவரும் ஓர் அலமாரியும் தெரியும், அவ்வளவுதான். இப்போது டிராம் வண்டி போனது. பனியில் கறுப்புக் கோட்டு போட்ட பெண்கள் பை தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டமாக யாராவது வந்தால் நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். என் மகள் அந்தக் கூட்டத்தில் எங்காவது நடந்துபோவாள் என்பதுபோல.

படம் முடிந்ததும் தாடி வைத்த ஒரு தம்பி ஓடிவந்தார். சங்கத்தின் செயலாளர் கதிர்.

“சார், படம் முழுக்க குறிப்பு எடுத்தீங்களே. எந்தப் பத்திரிகை?”

“இல்லப்பா. சும்மா, சொந்தத்துக்கு.”

“சும்மா எழுதறவங்கதான் சார் நமக்கு வேணும்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். என் பேரையும் ஊரையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, “முதல் படம் பிரிண்ட் சரியில்லையாம்டி” என்றேன். இரண்டாவது வாரம் சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றிய படம். நிமிடத்துக்கு நிமிடம் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். “வில்லியனூர்ல சனிக்கிழம கரண்ட் இருக்காதாம்” என்றேன்.

ஜெனி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “கரண்ட் ஆபீஸ்ல நீதான் இஞ்சினியரா?” என்றாள்.

மூன்றாவது வாரம் அந்தப் படம் வந்தது. பனி விழும் ஒரு கிராமம், ஒரு விதவை அம்மாள், ஒரு மாடு. மகன் எங்கோ வேலைக்குப் போயிருக்கிறான், வருகிறேன் என்று எழுதியிருக்கிறான். அவள் ரொட்டி சுடுகிறாள், மாட்டுக்கு வைக்கோல் போடுகிறாள், நிலவறையில் இறங்கி எடுத்து வந்து சமைக்கிறாள். இரண்டு மணி நேரம் இவ்வளவுதான். டவுன் அரங்கில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டில் ஒரே வரி எழுதினேன்: ‘சத்தமே இல்லை. அழைத்துப் போகலாம்.’

கூடத்தில்

சனிக்கிழமை ஜெனி தலைக்குக் குளித்து, அங்கே வாங்கிய நீல ஸ்கார்ஃபைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் ஸ்கூட்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன்.

ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஐம்பது பேர் இருக்கலாம். கதிர் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம ஊர்க்காரர் ஒருத்தரை சொல்லியே ஆகணும். உறுவையாறு லூர்துசாமி சார். மூணு வாரமா ஒரு ஞாயிறு விடாம பாண்டிக்கு வந்து, நோட்டும் கையுமா உக்காந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதறாரு. இப்படி ஒரு ரசிகரை நான் பார்த்ததில்ல. சார், எழுந்திருங்க!”

கை தட்டினார்கள். நான் பாதி எழுந்து உட்கார்ந்தேன். ஜெனியின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

“வாக்காளர் பட்டியலா?” என்றாள் மெதுவாக.

“அது வந்து…”

“நோட்டக் குடு.”

விளக்கு அணையும்வரை படித்தாள். கதவு படார், பரவாயில்லை என்ற இடத்தில் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அறிந்து எனக்கு உயிர் வந்தது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்தாள். ரொட்டி சுடும்போது, “அது அப்படித்தான் வாசனை வரும்பா, நம்ம பேக்கரி மாதிரி இல்ல” என்று காதில் சொன்னாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த அம்மாள் தரையில் இருந்த கதவைத் தூக்கினாள்.

வேப்ப மரத்தடி

நான் வெளியே வந்தபோது அவள் கூடத்துக்குப் பின்னால், வேப்ப மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நெற்றி மட்டும் வேர்த்திருந்தது. ஸ்கூட்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

“சத்தமே இல்லன்னுதான் கூட்டிட்டு வந்தேன்” என்றேன்.

“சத்தத்துக்கு இல்லப்பா.” தண்ணீர் குடித்தாள். “எங்க ஹாஸ்டலுக்குக் கீழயும் அப்டித்தான். உருளைக்கிழங்கு மூட்ட, ஜாடி. முப்பது பேரு அந்த மூட்ட மேலதான் ஒக்காந்திருந்தோம். சத்தம் மேல எங்கியோ கேக்கும். கீழ ஒண்ணும் கேக்காது. அதான் பயம். சத்தம் நின்னாதான் பயம்.”

முதல் தடவையாகப் பேசுகிறாள். நான் மூச்சுக்கூட மெதுவாக விட்டேன். அவள் நிறுத்திவிட்டால் மறுபடி எத்தனை வருஷம் ஆகுமோ. ஆனால் என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது.

“நான்தான் இருன்னு சொன்னேன்” என்றேன். “அட்டெண்டன்ஸ் போயிடும்னு. டிக்கெட் போட்டிருந்தா நீ வந்திருப்ப. அன்னிலருந்து கேக்கணும்னு…”

ஜெனி என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ‘இல்லப்பா, உன்னால இல்ல’ என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று.

“ஆமா. உன்னாலதான்” என்றாள்.

ஒரு வேப்பம்பழம் மேடையில் விழுந்து உருண்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கும் வரணும்னுதான் இருந்துச்சு. நீ சொன்ன, இருந்துட்டேன். ரொம்பக் கோவம்பா. சொன்னா நீ தாங்க மாட்டன்னு பேசாம இருந்தேன்.”

“சொல்லியிருக்கலாமேடி.”

“மூஞ்சியப் பாத்தா சொல்ல வருமா? வந்த நாள்லருந்து நீ என்ன கண்ணாடிக் கிளாஸு மாதிரி தூக்கிட்டுத் திரியற. டி.வி.ய நோண்டற. ஏழுமல மாமாவ வுட்டுத் தெருவுல கத்த வைக்கற. எனக்குச் சிரிப்புதான் வருது, நீதான் வேட்டுக்குத் துள்ற.”

அது உண்மை. நான் அதுவரை கவனித்ததில்லை.

பிறகு அவள் சொன்னாள்: “கீழ எல்லாரும் அழுதாங்க. நான் அழுவல. தெரியுமா? நான் உன்னத் திட்டிக்கினு இருந்தேன்.”

“மனசுலயா?”

“வாய்விட்டுதான். தமிழ்ல. மணிக்கணக்கா. பக்கத்துல ஒரு ஆந்திராப் பொண்ணு, நான் ஜெபம் பண்றேன்னு நெனச்சுக்கினு கூட ஒக்காந்து கைகூப்பிச்சு. அப்டி திட்டித்தான்பா நான் அந்த நாள ஓட்டுனேன். உன்னத் திட்டறப்ப நீ பக்கத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு. பயம் தெரியல.”

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தை அவள் தாண்டிப் போய் நின்றிருந்தாள்.

“வா, மீதிப் படத்தப் பாக்கலாம்” என்று எழுந்தாள். “அந்தம்மா மவன் வந்தானான்னு தெரிய வேணாமா?”

“நான் பாத்துட்டேனே. அவன்…”

“சொல்லாத!” என்று என் வாயைப் பொத்தினாள்.

கடைசி வரிசையில் நின்றுகொண்டே பார்த்தோம்.

வீட்டுக்கு

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. வில்லியனூர்க் கடைகளைத் தாண்டி, கரும்பு லாரி ஒன்றுக்கு வழிவிட்டு, பாகூர் சாலையில் ஏறினோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். தண்ணீரில் வானம் கிடந்தது.

“ஜெனி” என்றேன் பின்னாலிருந்து. “அதெல்லாம் ஞாபகம் இருக்கா?”

“எது?”

“நீ திட்டுனது.”

“ஒண்ணு விடாம.”

“சொல்லு.”

“வேணாம்பா. அசிங்கம்.”

“என்னத்தானே திட்டுன. நான்தானே கேக்கணும். சொல்லு.”

தொண்டையைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தாள்.

“அட்டெண்டன்ஸ் பைத்தியம்.”

“சரி.”

“கிழிஞ்ச ரெஜிஸ்டரு. சாக்பீஸ் மண்ட. ஊர்ப் புள்ளைங்க பேர கூப்டத் தெரியும், சொந்தப் புள்ளையக் கூப்டத் தெரியாதான்னு கேட்டேன்.”

அவள் முதுகில் கையை வைத்தேன்.

“அப்புறம்?”

“நீ செத்தா, சாவுக்கு வந்தவங்களுக்கு எழுந்து ஒக்காந்து அட்டெண்டன்ஸ் எடுப்பன்னு சொன்னேன். மோட்சத்து வாசல்ல ராயப்பர் சாவியோட காவலுக்கு நின்னா, அவருகிட்டயே ‘நேத்து ஏன் லேட்டு’ன்னு கேப்பன்னு சொன்னேன்.”

நான் சிரித்துவிட்டேன். காற்றுக்கு எதிராக வாயைத் திறந்து சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளும் சிரித்தாள், ஸ்கூட்டி ஒருமுறை ஆடி நேரானது. சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றிப்போன ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவள் குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே போனாள். சில வசவுகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் “சரி” என்றேன்.

எங்கள் தெருத் திருப்பம் தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, திரும்புவதற்கான விளக்கைப் போட்டாள்.

“இன்னும் இருக்கா?” என்றேன்.

“நெறைய கீதுப்பா.”

“அப்ப திரும்பாத. நேரா போ. பாகூர் வரைக்கும்கூடப் போலாம்.”